குட்டி கேபினெட்டு, பெரிய பிராசசர், திருநெல்வேலி வெயில்: பிசி ஏர் கூலர் மட்டும் வச்சு சமாளிக்கிற வழி

யூட்யூப்ல பிசி பிராசசரை, அதாவது சிபியுவ, குளுத்துற ஒரு கூலரோட ரிவ்யூ பாக்கீங்க, பெரிய பிராசசர் மேல மாட்டி ஃபுல் லோடுல 78 டிகிரிதான்னு காட்டுதாங்க, விலையும் கைக்கு அடக்கமா இருக்கு, உடனே ஆர்டர் போட்டுருதீங்க. அந்த ரிவ்யூ எடுத்த ரூம்ல 22, 23 டிகிரிதான் இருந்திருக்கும், அதை யாரும் கவனிக்கிறதில்ல. ஏர் கூலர், அதாவது ஃபேன் காத்தால சிபியுவக் குளுத்துற கூலர், எதுவா இருந்தாலும் சரி, எத்தனை ஆயிரம் போட்டு வாங்குனாலும் சரி, சுத்தி இருக்க காத்தை விட சிபியுவ குளுமையாக்க அதால முடியாது. ரூம் சூடு எத்தனை டிகிரி ஏறுதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிபியும் ஏறும், கணக்கு அவ்வளவுதான். 23 டிகிரி ரூம்ல 78 காட்டுனது சித்திரை வைகாசில பாளையங்கோட்டைல ஒரு மாடி ரூம்ல 37 டிகிரில 92 காட்டப் பாக்கும். 7800எக்ஸ்3டிங்கிற பிராசசருக்கு ஏஎம்டி கம்பெனி வச்ச எல்லையே 89 டிகிரிதான், அதைத் தொட்டதும் அது தானா வேகத்தைக் கொறைச்சுக்கிடும். அதாவது நீங்க காசு குடுத்து வாங்குன வேகம் உங்களுக்கு இல்ல.

இது வெறும் ரூம் சூடு கணக்குதான். 10 லிட்டர், 15 லிட்டர் கொள்ளளவு உள்ள குட்டி கேபினெட்டுக்குள்ள கூலருக்கு வர்ற காத்து ரூம் காத்து கூட இல்ல, கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே சூடாக்கி விட்ட காத்து. கார்டு 300 வாட், சிபியு 100 வாட், மொத்தம் 400 வாட்னு வைங்க. கேபினெட்டு வழியா நெசமாவே நிமிசத்துக்கு 50 கன அடி காத்து போய் வந்தாக்கூட உள்ள போற காத்தை விட வெளிய வர்ற காத்து 14, 15 டிகிரி கூடுதலா இருக்கும். ஃபேன் பெட்டி மேல 60, 70ன்னு போட்டிருப்பாங்க, ஆனா ஃபில்டர், மெஷ், கேபிள் கட்டு எல்லாத்தையும் தாண்டி வரும்போது அதுல பாதி கெடைச்சாலே பெரிய விஷயம். அப்போ 37 டிகிரி ரூம்ல உள்ளுக்குள்ள சில மூலைங்க 50ஐத் தாண்டி நிக்கும். அந்தக் காத்தைக் குடிச்சு எந்த கூலரும் உருப்படியா வேலை செய்யாது, பூட்டுன ரூமுக்குள்ள சீலிங் ஃபேனை அஞ்சுல வச்ச கதைதான், சூட்டையே சுத்திச் சுத்தி அடிக்கும்.

அதனால கூலர் எதை வாங்கலாம்ங்கிற கேள்வி மூணாவதா வந்தாப் போதும். மொத கேள்வி எத்தனை வாட் சூடு வருது, அதைக் கொறைக்க முடியுமா. ரெண்டாவது, வெளிக்காத்து நேரா கூலர் மூஞ்சில படுதா. இந்த ரெண்டையும் சரி பண்ணுனா நடுத்தர விலை கூலரே நம்ம ஊரு கத்திரிக்குத் தாங்கும், பண்ணலைன்னா உள்ளதுலயே பெரிய கூலரை வச்சாலும் தாங்காது.

வாட்டர் கூலர் போட்டா தீந்துச்சேன்னு சிலர் கேக்காங்க. அதுல தண்ணி சூட்டைக் கொண்டு போய் விடுற ரேடியேட்டரைக் குளுத்தப் போறதும் அதே ரூம் காத்துதான். நாள் பூரா ரெண்டரிங் (வீடியோ, 3டி படத்தை பிசி கணக்குப் போட்டு உருவாக்குற வேலை) ஓட்டணும், 200 வாட்டுக்கு மேல விடாம இழுக்கணும்னா வாட்டர் கூலர் போடுறதுதான் சரி, அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா கேம் ஆடுறதுக்கு அது தேவைப்படாது. பம்பு போச்சுன்னா மொத்தத்தையும் கழத்தி கூரியர்ல அனுப்பிட்டு அது திரும்பி வர்ற வரைக்கும் பிசி இல்லாம உக்காந்திருக்கணும், நம்ம ஊருல இருந்து அது சின்ன கஷ்டம் இல்ல. ஏர் கூலர்ல கெட்டுப்போறதுன்னா ஃபேன் ஒண்ணுதான், புதுசு ஒண்ணை வாங்கி கிளிப்பை மாட்டுனா வேலை முடிஞ்சுது.

பிராசசர் எடுக்கும்போதே பாதி முடிவாயிரும்

கேமுக்குன்னா ஏஎம்டியோட எக்ஸ்3டி வகைதான் சின்ன கேபினெட்டுக்கு வரம்னு சொல்லுவேன். 7800எக்ஸ்3டி, சினிபெஞ்ச்னு பிராசசரை முழுசா உழைக்க வச்சுப் பாக்குற சாஃப்ட்வேரை ஓட்டுனாக்கூட 90 வாட் பக்கத்துலதான் இழுக்கும், கேம்ல அதை விடக் கம்மி. 2024 நவம்பர்ல வந்த 9800எக்ஸ்3டி கொஞ்சம் கூட இழுக்கும், அதோட மேல் எல்லை 162 வாட், ஆனா கேம்ல பெரும்பாலும் 100க்குள்ள நிக்கும். இன்னொரு நல்ல விஷயம், 7800ல கேஷ் சிப்பு (கூடுதல் மெமரி) கோருக்கு (கணக்கு போடுற பகுதிக்கு) மேல ஒக்காந்து சூட்டை அடைச்சிட்டு இருந்தது, 9800ல அதைக் கோருக்கு அடியில கொண்டு போயிட்டாங்க, அதனால கோர் சூடு நேரா சிபியு மேல இருக்க உலோக மூடிக்கு வருது, எல்லையும் 95 டிகிரி. நம்ம வெயிலுக்கு அந்த ஆறு டிகிரி இடைவெளி சும்மா இல்ல.

அடுத்த பக்கம் ஏஎம்டி 7950எக்ஸ் 230 வாட் வரைக்கும் போகும், இன்டெல் 14900கே 253 வாட், கோர் அல்ட்ரா 9 285கே 250 வாட். இதையெல்லாம் இருக்கபடியே கொண்டு போய் 67 மில்லிமீட்டர் உயர கூலருக்கு அடியில வைக்காதீங்க. எடிட்டிங்கும் பண்ணுதேன், எனக்கு 16 கோர் வேணும்னா தாராளமா வாங்குங்க, ஆனா பயாஸ்ல (மதர்போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்ல) கடிவாளம் போட்டுத்தான் ஓட்டணும். அதைக் கீழ சொல்லுதேன். 13, 14வது தலைமுறை இன்டெல் வச்சிருக்கவங்க மொத வேலையா பயாஸ அப்டேட் பண்ணிருங்க, வோல்டேஜ் தேவைக்கு மேல ஏறி சிப்பு கெடுற பிரச்சனைக்கு 2024ல மைக்ரோகோடு திருத்தம் விட்டாங்க, அது இல்லாம வேற எதையும் தொட வேண்டாம்.

கேபினெட்டும் கூலரும் ஜோடியாத்தான் பாக்கணும்

சின்ன கேபினெட்டு ரெண்டு சாதி. ஒண்ணு சாண்ட்விச்சு மாதிரி, நடுவுல தடுப்பு, ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு, ரெண்டையும் ரைசர் கேபிள் இணைக்கும். ஃப்ராக்டல் டெர்ரா இந்த வகை, 10.4 லிட்டர், நடுத் தடுப்பை நகத்தி கூலருக்கு 48 மில்லில இருந்து 77 மில்லி வரைக்கும் இடம் எடுத்துக்கிடலாம், ஆனா இந்தப் பக்கம் கூட்டுனா கார்டு பக்கம் கொறையும். இன்னொரு சாதி கூலர் மாஸ்டர் என்ஆர்200 மாதிரி, 18 லிட்டர் சொச்சம், போர்டும் கார்டும் ஒரே அறையில, மெஷ் பேனல் போட்டா 155 மில்லி டவர் கூலரே (கோபுரம் மாதிரி நிக்கிற உயரமான கூலர்) உள்ள போகும்.

வெளிப்படையாச் சொல்லுதேன், திருநெல்வேலில ஏசி இல்லாத ரூம்னா ரெண்டாவது சாதிக்குப் போங்க. 10 லிட்டருக்கும் 18 லிட்டருக்கும் மேசை மேல இருக்க வித்தியாசம் ஒரு சாண் கூட வராது, ஆனா உள்ள வைக்கிற கூலர்ல வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மில்லி, அதோட தம்பி ஃபேண்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ 154 மில்லி, ரெண்டும் ரெட்டைக் கோபுரம், ரெண்டு ஃபேன், விலைக்கு இதை விட நல்ல சரக்கு எனக்குத் தெரியல. ஒரு விஷயம் கவனிக்கணும், முன்பக்க ஃபேன் ரேமுக்கு மேல வரும், ரேம் உயரமா லைட்டு வச்சு ஆடம்பரமா இருந்தா ஃபேனை மேல தூக்கி மாட்ட வேண்டி வரும், தூக்குனா 155ஐத் தாண்டி பேனல் மூடாது. சின்ன கேபினெட்டுக்கு ரேம் எப்பவும் குட்டையா வாங்குங்க.

சாண்ட்விச்சுதான் வேணும்னு மனசுல விழுந்துட்டா, 67 மில்லி ஏஎக்ஸ்பி120-எக்ஸ்67, ஐடி கூலிங் ஐஎஸ்-67-எக்ஸ்டி, 70 மில்லி நாக்டுவா என்ஹெச்-எல்12எஸ் இந்த மூணுல எது உங்க போர்டுல இடிக்காம ஒக்காருதோ அதை எடுங்க. 47 மில்லி ஏஎக்ஸ்பி90, 37 மில்லி என்ஹெச்-எல்9 எல்லாம் அழகா இருக்கும், ஆனா 65 வாட் சிப்புக்குத்தான் லாயக்கு, கத்திரில அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. ஐடிஎக்ஸ்ங்கிற குட்டி மதர்போர்டுல பின்பக்க போர்ட்டுக்கு மேல ஒரு உயரமான மூடி இருக்கும், விஆர்எம் (சிபியுக்கு கரண்ட்டைப் பக்குவமாக் குடுக்குற பகுதி) ஹீட்சிங்கும் அங்கனதான் இருக்கும், பரந்த கூலர் அதுல போய் முட்டும். கூலர் கம்பெனி சைட்லயே எந்த போர்டுக்கு ஒக்காரும்னு பட்டியல் இருக்கும், காசு கட்டுறதுக்கு முன்ன அதைப் பாத்துருங்க, திருப்பி அனுப்புறது பெரிய அலைச்சல்.

காத்துக்கு வழி: இங்கதான் நேரத்தைச் செலவு பண்ணணும்

சாண்ட்விச்சு கேபினெட்டுல கூலர் ஃபேன் சைடு பேனல் மெஷ்ஷைப் பாத்து நிக்கும். ஃபேன் வெளிக்காத்தை உள்ள இழுத்து போர்டு மேல ஊதணும், இதுதான் சரியான திசை, ரேமும் விஆர்எம்மும் சேந்து குளுந்துக்கும். பிரச்சனை என்னன்னா ஃபேனுக்கும் பேனலுக்கும் நடுவுல 10, 15 மில்லி இடைவெளி கெடந்தா ஃபேன் வெளிக்காத்தை எடுக்காது, எது சுலபமோ அதைத்தான் எடுக்கும், போர்டுல பட்டு தெறிச்சு வர்ற சூடு காத்தையே பக்கவாட்டுல திரும்ப இழுத்துக்கும். இதைத் தடுக்க ஃபோம்ல ஒரு வளையம் வெட்டி வைக்கணும், செலவு நூறு ரூபா கூட ஆகாது.

ஸ்டேஷனரி கடைல ஸ்கூல் பிள்ளைகளுக்கு கிராஃப்ட் வேலைக்கு விக்கிற ஈவிஏ ஃபோம் ஷீட்டு கேளுங்க, தடிமனா 5 மில்லி இருந்தா நல்லது, இல்லைன்னா ரெண்டு மூணு மெல்லிசை ஒட்டிக்கிடலாம். ஹார்ட்வேர் கடைல கதவு இடுக்குக்கு ஒட்டுற ஃபோம் பட்டையும் ஆகும். மொதல்ல இடைவெளியை அளக்கணும், பேனல் மூடுன பிறகு ஸ்கேல் உள்ள போகாது, அதனால ஃபேன் நடுவுல இருக்க ஸ்டிக்கர் மேல சப்பாத்தி மாவை ஒரு உருண்டை ஒட்டி பேனலை அமுத்தி மூடித் திறங்க, மாவு எத்தனை மில்லிக்கு அமுங்கியிருக்கோ அதுதான் இடைவெளி. பவர் கேபிளைப் பிடுங்கிட்டுத்தான் இதைச் செய்யணும், மாவையும் மறக்காம எடுத்துரணும். அப்புறம் ஃபேன் ஃபிரேமை ஃபோம் மேல கவுத்தி வச்சு பேனாவால வெளிவட்டம் உள்வட்டம் ரெண்டையும் வரைஞ்சு, புது பிளேடால ஒரே இழுப்பா வெட்டுங்க, மொக்கை பிளேடுன்னா ஃபோம் பிஞ்சு பிஞ்சு வரும். அளந்ததை விட 1 மில்லி கூட தடிமன் வச்சு ஃபேன் ஃபிரேம்ல டபுள் சைடு டேப்பால ஒட்டுங்க, பேனல் மூடும்போது லேசா அமுங்கி இடுக்கே இல்லாம ஆயிரும். எறக்கை சுத்துற எடத்துல ஃபோம் நீட்டிட்டு இருக்கக் கூடாது, கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு மூடுங்க. ஃபோம் வளையம் வச்சதும் சூடு கொறையுறதை விட சத்தம் கொறையுறதுதான் மொதல்ல தெரியும்.

என்ஆர்200 மாதிரி கேபினெட்டுல கதை வேற. கார்டு அடியில இருந்து காத்து எடுத்து மேல சூட்டைத் துப்பும், அந்தச் சூடு நேரா டவர் கூலர் வாய்க்குள்ள போகும். மேல ரெண்டு 120 மில்லி ஃபேனையும் எக்ஸாஸ்டா, அதாவது காத்தை வெளிய தள்ளுற மாதிரி, போட்டு விட்டாச்சுன்னு நிம்மதியா இருக்கவங்கதான் அதிகம். அதுல முன்பக்கமா இருக்க ஃபேன், கூலருக்குப் போக வேண்டிய நல்ல காத்தைக் கூலர் வாயில இருந்தே பிடுங்கி வெளிய தள்ளிட்டு இருக்கும். அதைத் திருப்பி மாட்டி இன்டேக் (காத்தை உள்ள இழுக்குறது) ஆக்குங்க, பின்பக்கமா இருக்கது மட்டும் எக்ஸாஸ்ட். வெளிக்காத்து மேல இருந்து எறங்கி நேரா டவர் முன்னாடி விழும், டவர் அதை எடுத்து பின்னால தள்ளும், மேல் எக்ஸாஸ்டும் பின் 92 ஃபேனும் வெளிய எடுத்துரும். கார்டு மெல்லிசா இருந்து அடியில இடம் இருந்தா 15 மில்லி ஒல்லி ஃபேன் ரெண்டு இன்டேக்கா வைங்க, இடம் இல்லைன்னா விட்டுருங்க, கார்டு ஃபேனே அந்த வேலையப் பாத்துக்கும்.

பெருமாள்புரத்துல என் மச்சினன் ரூம் மாடில, மேக்க பாத்த சுவரு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு சுவத்துல கை வைக்க முடியாது. 9800எக்ஸ்3டி, இந்த மாதிரி கேபினெட்டு, நல்ல டவர் கூலர், எல்லாம் சரியாத்தான் வாங்கியிருந்தான். “அத்தான், கேமுக்குள்ள போனா 90 காட்டுது, கூலர் டூப்ளிகேட்டா இருக்குமோ”ன்னு கேட்டான். சைடு பேனலைக் கழத்தி வச்சு அதே கேமை ஆடச் சொன்னேன், 79க்கு வந்துட்டு. கூலர் மேல குத்தமே இல்ல, மேல ஃபேனைத் திருப்பி மாட்டி, மேசைக்கு அடியில சுவரோட ஒட்டி வச்சிருந்த கேபினெட்டை மேசை மேல ஏத்தி சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி வச்சோம், பேனல் மூடி 82ல நின்னுச்சு.

இந்த பேனல் பரிசோதனை எல்லாரும் பண்ணிப் பாருங்க, காசில்லாத பரிசோதனை. பேனல் மூடியும் திறந்தும் ரெண்டு தடவை ஓட்டுங்க. வித்தியாசம் மூணு நாலு டிகிரின்னா காத்து வழி நல்லா இருக்குன்னு அர்த்தம். எட்டு, பத்துன்னு இருந்தா கூலர் மாத்துறதுல ஒரு பிரயோசனமும் இல்ல. திறந்து வச்சும் கொறையவே இல்லைன்னா சிபியுக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட்டு, மாட்டுன விதம், இல்ல வாட் எல்லை, இந்த மூணுல ஒண்ணு.

மாட்டும்போது

ஏஎம்5ல, அதாவது மேல சொன்ன ஏஎம்டி சிப்பு ஒக்கார்ற சாக்கெட்டுல, போர்டுக்குப் பின்னால இருக்க பேக்பிளேட்டைக் கழத்த வேண்டாம், அது சாக்கெட்டோட சேந்தது, மேல இருக்க பிளாஸ்டிக் கொக்கி ரெண்டையும் நாலு ஸ்க்ரூ கழத்தி எடுத்துட்டு அதே துளைல கூலர் பிராக்கெட்டை மாட்டுனாப் போதும். பழைய ஏஎம்4ல பேக்பிளேட் பின்னால விழுந்துரும், ஒரு கையால பிடிச்சுக்கிடணும். முடிஞ்சா போர்டை கேபினெட்டுக்குள்ள வைக்கும் முன்னயே கூலரை மாட்டிருங்க, உள்ள வச்ச பிறகு ஸ்க்ரூ முறுக்க கை போகாது.

கூலர் அடியில ஒட்டியிருக்க பிளாஸ்டிக் தாளை உரிச்சாச்சான்னு பாருங்க. ஸ்க்ரூவை ஒரு பக்கம் முழுசா முறுக்கிட்டு மறுபக்கம் போகக் கூடாது, ரெண்டு சுத்து இங்க, ரெண்டு சுத்து அங்கன்னு மாத்தி மாத்தி எறக்கணும், இல்லைன்னா பேஸ்ட்டு ஒரு பக்கம் தடிச்சு நிக்கும். ஏஎம்5ல சூடு வர்ற கோர் சிப்பு மூடிக்கு நடுவுல இல்லாம ஒரு ஓரமா தள்ளி இருக்கும், அதுக்குன்னு கொஞ்சம் நகத்தி மாட்டுற பிராக்கெட்டை நாக்டுவா மாதிரி சில கம்பெனிங்க குடுக்காங்க, உங்க கூலர்ல இருந்தா அந்தத் துளையைப் பயன்படுத்துங்க, ஒண்ணு ரெண்டு டிகிரி கெடைக்கும்.

பேஸ்ட்டு ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, எம்எக்ஸ்-6, நாக்டுவா என்டி-ஹெச்1 எதுவும் போதும். ஆனா அடிக்கடி கழத்தப் போறதில்லைன்னா எனக்குப் பிடிச்சது ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட்டு. இது 45 டிகிரி பக்கத்துல இளகி பரவுற சாமான், சூடாகி ஆறி சூடாகி ஆறிப் போற பிசில சாதாரண பேஸ்ட்டு கொஞ்சங் கொஞ்சமா ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வறண்டுரும், இது அப்படி ஆகாது. நம்ம ரூம் சூட்டுல ஷீட்டு பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு படலம் உரிய வராது, அதனால ஒட்டுறதுக்கு முன்ன கவரோட ஃப்ரிட்ஜ்ல கால் மணி நேரம் வச்சு எடுங்க, ஒரு பக்கப் படலத்தை உரிச்சு சிபியு மேல வச்சு விரலால நீவி விட்டு, மறுபக்கப் படலத்தை ஒரு மூலைல இருந்து மெதுவா உரிக்கணும், ஷீட்டும் சேந்து தூக்குனா மறுபடி அமுத்திட்டு வேற மூலைல இருந்து ஆரம்பிங்க. மொத நாள் சூடு கொஞ்சம் கூட காட்டும், நாலஞ்சு தடவை சூடாகி ஆறுன பிறகுதான் நல்லா பதியும், அதனால ஒடனே கழத்திராதீங்க.

பயாஸ்ல கடிவாளம்

வாட்டைக் கொறைக்கிறதுதான் மொத கேள்வின்னு மேல சொன்னேன், அது இங்கதான். ஏஎம்டி போர்டுல பிபிஓங்கிற, சிப்போட வாட்டையும் வேகத்தையும் மாத்துற மெனுக்குள்ள போங்க. இக்கோ மோடுல 65 வாட்னு வச்சா நெசத்துல சிப்புக்கு 88 வாட் வரைக்கும் அனுமதி, 105 வாட்னு வச்சா 142. 9800எக்ஸ்3டிய 88ல வச்சாக்கூட கேம்ல கொறையுறது கண்ணுக்குத் தெரியாது, ஏன்னா கேம் அதோட எல்லாக் கோரையும் முழுசாப் பிழியுறதில்ல. 7950எக்ஸ் மாதிரி 16 கோரை 88க்கு எறக்குனா ரெண்டரிங் நேரம் கூடும், அதுக்கு 142 நல்ல நடுவழி. இன்டெல்னா பிஎல்1, பிஎல்2ங்கிற வாட் எல்லை ரெண்டையும் 125ல வச்சு ஆரம்பிங்க.

அடுத்து கர்வ் ஆப்டிமைசர், ஆல் கோர், நெகட்டிவ், 15. அதே வேகத்துக்குக் கம்மி வோல்டேஜ், அதனால சூடும் கொறையும். ஒரு நாள் நல்லா ஓடுனா 20, அப்புறம் 25ன்னு போகலாம். எல்லா சிப்பும் ஒண்ணு போல இருக்காது, ஃபிரெண்டு 30 வச்சிருக்கான்னு நீங்களும் வைக்காதீங்க. ஓவராப் போனா ஃபுல் லோடுல தெரியாது, சும்மா பாட்டு கேட்டுட்டு இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும், அப்படி ஆனா அஞ்சு எறக்குங்க. அதே மெனுல தெர்மல் லிமிட்டுன்னு ஒண்ணு இருக்கும், அதை 85ல வச்சுட்டா எந்த வெயில்லயும் அதுக்கு மேல போகாம சிப்பு தானே பாத்துக்கும்.

கார்டையும் விடாதீங்க, சின்ன கேபினெட்டுல கார்டோட சூடு சிபியுவோட சூடுதான். ஆஃப்டர்பர்னர்ங்கிற கார்டு செட்டிங் சாஃப்ட்வேர்ல பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு எறக்குங்க, 300 வாட் கார்டு 240 ஆகும், ஃபிரேம் கொஞ்சந்தான் கொறையும், உள்ள 60 வாட் சூடு அடியோட இல்லாமப் போகும். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்னா ஃபிரேம் லிமிட்டும் போட்டுருங்க, கண்ணுக்குத் தெரியாத 200 ஃபிரேமுக்கு எதுக்குக் கரண்ட்டு.

ஃபேன் கர்வ், அதாவது எத்தனை சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம்ங்கிற கணக்கு, அந்த விஷயத்துல ஒண்ணு மட்டும். ஏஎம்5 சிப்பு ஒரு பிரவுசர் திறந்தாலே ஒரு நொடில 50ல இருந்து 70க்கு துள்ளும், எறங்கும், ஃபேன் அதுக்கு ஏத்தாப்ல கத்தி அடங்கி கத்தி அடங்கி உசிரை வாங்கும். பயாஸ்ல ஃபேன் ஸ்டெப் அப் டைம்னு இருக்கதைக் கூட்டி வைங்க, 65 வரைக்கும் ஒரே வேகத்துல ஓட விடுங்க, அதுக்கு மேல நிதானமா ஏறட்டும். பயாஸ்ல அந்த வசதி இல்லைன்னா ஃபேன்கண்ட்ரோல்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கேபினெட்டு ஃபேனை கார்டு சூட்டுக்கு ஏத்த மாதிரி ஓட வைக்கலாம், சின்ன கேபினெட்டுக்கு அதுதான் பொருத்தம்.

டெஸ்ட்டு எப்ப பண்ணணும்

காலைல ஆறு மணிக்கு டெஸ்ட் பண்ணி சந்தோசப்படாதீங்க. கான்கிரீட் மட்டப்பா பகல் பூரா வாங்குன வெயிலை சாயங்காலந்தான் கீழ எறக்கும், அஞ்சு மணில இருந்து ஏழு மணி வரைக்கும் ரூம் எப்படி இருக்கோ அதுதான் உங்க நெசமான சோதனை. பத்து நிமிசம் சினிபெஞ்ச் ஓட்டுறது பேஸ்ட்டு சரியா ஒக்காந்திருக்கான்னு பாக்க மட்டும். அப்புறம் நீங்க வழக்கமா ஆடுற கேமை ஒரு மணி நேரம் ஆடுங்க, கார்டு சூடும் சேந்து கேபினெட்டு முழுசா ஊறுறதுக்கு அவ்வளவு நேரம் வேணும். ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கிற சூடு காட்டுற சாஃப்ட்வேரை பின்னால ஓட விட்டு, ஏஎம்டி சிப்புன்னா சிபியு சூட்டைக் காட்டுற டிசிடிஎல் வரியைப் பாருங்க, பக்கத்துல ஒரு சின்ன தெர்மாமீட்டர் வச்சு ரூம் சூட்டையும் எழுதிக்கோங்க. ரூம் சூடு எழுதாத சிபியு சூட்டுக்கு மதிப்பே கெடையாது, மார்கழில எடுத்ததையும் கத்திரில எடுத்ததையும் எதை வச்சு ஒப்பிடுவீங்க. கேம்ல 85க்குள்ள நின்னா பிசிய நிம்மதியா விட்டுருங்க, 70க்குக் கொண்டு வரணும்னு மெனக்கெட வேண்டாம், சிப்பு அதுக்கெல்லாம் செஞ்சதுதான். கதவு ஜன்னலை மூடிட்டு ஆடுனா மட்டும் 400 வாட்டும் அந்த ரூம்லயே தங்கி அரை மணிக்கு ஒருக்கா ரூமே ஏறிட்டு வரும், ஒரு ஜன்னலாவது திறந்து கெடக்கட்டும்.

தூசி

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம ஊருல சும்மா சொல்லல. செங்கோட்டைக் கணவாய் பக்கமும் ஆரல்வாய்மொழி பக்கமும் இருந்து வர்ற மேக்காத்து ஆனில இருந்து புழுதியை வாரிக் கொட்டும், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரிச் செம்மண்ணு வேற, அது மாவு போல கூலரோட ஃபின் (மெல்லிசு தகடு) இடுக்குல போய் அடையும். அந்த மாசங்கள்ல மெஷ் ஃபில்டரை வாரத்துக்கு ஒருக்கா கழத்தி கொழாத் தண்ணில காட்டி நல்லா காயவச்சு மாட்டுங்க. ஃபில்டரே இல்லாம ஓட்டுனா மொத மாசம் ரெண்டு மூணு டிகிரி லாபம், மூணாவது மாசம் அதுக்கு மேல நட்டம்.

கூலரைச் சுத்தம் பண்ண ஒன்றரை இஞ்சு பெயிண்ட் பிரஷ்ஷும் கையில பிடிக்கிற எலெக்ட்ரிக் புளோயரும் போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸர்கிட்ட கொண்டு போகாதீங்க, அதுல காத்தோட தண்ணியும் எண்ணெயும் சேந்து வரும், அழுத்தமும் தாறுமாறு. ஊதும்போது ஃபேன் எறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, வெறியா சுத்த விட்டா பேரிங் போகும். காத்து போற திசைக்கு எதிர் திசைல ஊதுனாத்தான் அடைஞ்சது வெளிய வரும், வர்ற திசைலயே ஊதுனா இன்னும் உள்ளதான் போகும்.

உவரி, கூடங்குளம், திருச்செந்தூர், தூத்துக்குடி மாதிரி கடல் ஓரத்துல இருக்கவங்களுக்கு உப்புக்காத்து இன்னொரு தொல்லை. வெறும் அலுமினியம், செம்பு ஃபின்ல வெள்ளையாவும் பச்சையாவும் பூக்கும், அதனால நிக்கல் பூசுன ஹீட் பைப்பு, மேல கருப்பு கோட்டிங் போட்ட கூலரா எடுங்க, கடலைப் பாத்த ஜன்னல் பக்கத்துல கேபினெட்டை வைக்காதீங்க. பூத்துட்டா தண்ணி வச்சுத் துடைக்க வேண்டாம், கூலரைக் கழத்தி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் வச்சு தேய்ச்சு காய வச்சுட்டு, புது பேஸ்ட்டோ ஷீட்டோ போட்டு மறுபடி மாட்டுங்க.